பழகாத பரலோகம்

சாகக் கிடக்கும் ஒரு பெண் தோழியிடம் மனம் திறக்கிறாள். நரகத்துக்குப் போய்விடுவோமோ என்ற பயம் அவளுக்கு இல்லை. திருச்சபையில் முறைப்படி சேர்ந்தவள். பரலோகம் கிடைத்துவிடும் என்றே நினைக்கிறாள். அது மிக அழகான இடம் என்று ஊரே சொல்வதையும் ஏற்றுக்கொள்கிறாள். அவளை உலுக்குவது வேறொன்று. அங்கே எதுவும் தனக்குப் பழகியதாக இருக்காதே! போன இடத்தில் வீட்டு நினைப்பு வந்து வாட்டுமே!

பெயர் ரூபி கில்லிஸ். வயது இருபதை ஒட்டி. நோய், அந்தக் காலத்தில் ஆளை மாதக் கணக்கில் அரித்துத் தின்றுவிடும் காசநோய். கனடா எழுத்தாளர் எல்.எம். மான்ட்கோமரி 1915இல் வெளியிட்ட ‘ஆன் ஆஃப் தி ஐலண்ட்’ நாவலின் 14ஆம் அத்தியாயத்தில் இந்த உரையாடல் வருகிறது. கேட்டுக்கொண்டிருக்கும் தோழி, கதாநாயகி ஆன் ஷெர்லி. கல்லூரியில் முதலாண்டை முடித்துக் கோடை விடுமுறைக்கு ஊர் வந்திருப்பவள்.

இந்த நாவலை வாசகர்கள் பெரும்பாலும் கல்லூரிக் காதல் கதையாகத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதில் தவறில்லை. பிரின்ஸ் எட்வர்ட் தீவின் சிற்றூரிலிருந்து ஓர் அநாதைப் பெண் கிங்ஸ்போர்ட் நகருக்குப் படிக்கப் போகிறாள், தோழிகளோடு வாடகைக்கு வீடு எடுத்துத் தங்குகிறாள், பூனை வளர்க்கிறாள், ஒருவர் பின் ஒருவராக வந்து மணம் பேசுபவர்களுக்கு மறுப்புச் சொல்கிறாள். ஒருவன் தானே கேட்கக் கூச்சப்பட்டுத் தங்கையைத் தூது விடுகிறான். சிரிப்புக்குக் குறைவில்லாத புத்தகம். அதன் நடுவில், சமயவாதிகள் காலங்காலமாகச் சுற்றிவளைத்துப் பேசிய ஒரு கேள்வியை, அலங்காரத்துக்கும் ஆண் நண்பர்களுக்கும் பேர்போன ரூபி நேராகப் போட்டு உடைக்கிறாள். மறுமை என்பது இந்த வாழ்வின் தொடர்ச்சியா, அல்லது இதை முற்றிலும் துடைத்துவிட்டு வரும் வேறொன்றா? வேறொன்று என்றால், அது கிடைத்து எனக்கென்ன லாபம்?

அந்தத் தீவின் பிரெஸ்பிட்டேரியன் பிள்ளைகளுக்கு இதற்கான விடை மனப்பாடம். 17ஆம் நூற்றாண்டில் இயற்றப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் சுருக்க வினாவிடையில் மொத்தம் 107 கேள்விகள். முதல் கேள்வியே மனித வாழ்வின் தலையாய நோக்கம் எது என்பதுதான். கடவுளை மகிமைப்படுத்துவதும் என்றென்றும் அவரில் களிகூர்வதும் என்ற பொருளில் விடை சொல்ல வேண்டும். ஓய்வுநாள் பள்ளியில் தடுமாறாமல் ஒப்பித்த பிள்ளைக்குப் பாராட்டு கிடைக்கும். ஆனால் முடிவில்லாத துதியை மட்டுமே செய்துகொண்டிருக்கும் ஓர் இடத்தை எந்தப் பிள்ளையாவது உள்ளூர விரும்பியிருக்குமா? இதே வரிசையில் 1909இல் வந்த முந்தைய நாவலில், டேவி என்ற பொடியன் பரலோகத்தில் ஜாம் நிறையக் கிடைக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொள்கிறான். மான்ட்கோமரி அதை நகைச்சுவையாக எழுதினார். ரூபியை வாட்டுவதும் அதே கவலைதான். சாவு பக்கத்தில் வந்து நிற்பதால் யாருக்கும் சிரிக்கத் தோன்றுவதில்லை.

அமெரிக்கா இதை ஒருமுறை பெரிய அளவில் கேட்டிருக்கிறது. உள்நாட்டுப் போரில் லட்சக்கணக்கான இளைஞர்கள் மாண்டபின், அங்கே வீடுதோறும் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. மேடையிலிருந்து வர்ணிக்கப்பட்ட பளிங்கு மாளிகைப் பரலோகம் தாய்மாருக்கும் சகோதரிகளுக்கும் ஆறுதல் தரவில்லை. 1868இல் எலிசபெத் ஸ்டூவர்ட் ஃபெல்ப்ஸ் எழுதிய ‘தி கேட்ஸ் அஜார்’ என்ற நாவல், வீடும் தோட்டமும் பியானோவும் உள்ள பரலோகத்தைக் காட்டியது. ஏராளமாக விற்றது. போதகர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். அதற்கு நூறாண்டு முன்பே ஸ்வீடனின் ஸ்வீடன்போர்க், வீடும் தெருவும் திருமணமும் உள்ள மறுமையை எழுதிவைத்திருந்தார். பழகிய பரலோகத்துக்கு ஒரு நீண்ட பரம்பரை உண்டு.

ஆன் தோழியிடம் வாய்விட்டுச் சொல்வது இந்தப் பரம்பரையைச் சேர்ந்த பதில். பரலோகத்தைப் பற்றி நாம் வைத்திருக்கும் எண்ணமே தவறாக இருக்கலாம். இங்கே வாழ்வதைப் போலவே அங்கேயும் வாழ்வோம், நாம் நாமாகவே இருப்போம், நல்லவர்களாக இருப்பது மட்டும் இன்னும் எளிதாக இருக்கும் என்கிறாள். அவளுக்கே அதில் முழு உறுதி இல்லை. ரூபி அதை ஒரு நொடியில் தள்ளிவிடுகிறாள்: அது உன் கற்பனை, எப்படி அப்படியே இருக்க முடியும்? பிறகு தனக்கு என்ன வேண்டும் என்று சொல்கிறாள். உயிரோடு இருக்க வேண்டும். மற்றப் பெண்களைப் போலக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும். குழந்தைகள் வேண்டும்.

மான்ட்கோமரி இந்த நாவலை எழுதி முடித்தது 1914 நவம்பரில். அதே ஆண்டு ஆகஸ்ட் 13ஆம் தேதி அவருடைய இரண்டாவது மகன் ஹ்யூ இறந்தே பிறந்தான். போர் தொடங்கிச் சில நாட்களே ஆகியிருந்தன. ரூபியின் கடைசி ஆசையை அந்தத் தேதிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர், அவளை மேம்போக்கான பெண் என்று சொல்லத் தயங்குவார்.

ஆனால் நாவல் அப்படித்தான் சொல்கிறது. அன்றிரவு வீடு திரும்பும் ஆன், ரூபியின் வாழ்க்கைக்குத் தீர்ப்பு எழுதுகிறாள். அவள் தன் செல்வத்தையெல்லாம் பூமியிலேயே சேர்த்துவைத்தாள், அழியும் சின்னச் சின்னவற்றுக்காக வாழ்ந்து, இரு உலகங்களுக்கும் இடையில் பாலம் போடக்கூடிய பெரியவற்றை மறந்தாள், அதனால்தான் பயப்படுகிறாள். நம் வாழ்க்கை அப்படி முடியக் கூடாது என்று ஆன் உறுதி எடுத்துக்கொள்கிறாள். சில மணி நேரத்தில் ரூபி தூக்கத்திலேயே இறந்துபோகிறாள், முகத்தில் புன்னகையோடு. ஊசி குத்தியபடியே கிடந்த, முடிக்காத பூத்தையல் துணி ஒன்று அவளுடைய தாயின் கையிலிருந்து ஆனிடம் வந்து சேர்கிறது.

எத்தனையோ பிரசங்கங்களில் கேட்ட தீர்ப்புதான் இது. விவிலியத்தின் ஆதரவும் இதற்கு உண்டு. ஆனாலும் இடிக்கிறது. கல்யாணமும் குடும்பமும் ரூபி கேட்கும்போது அழியும் அற்பங்கள் என்றால், நாவலின் கடைசி அத்தியாயத்தில் ஆனுக்கு வாக்களிக்கப்படும்போது மட்டும் எப்படி உயர்ந்தவை ஆகின்றன? ஆன் வாய்விட்டுச் சொன்ன தயங்கித் தயங்கிய ஆறுதல்தான் நேர்மையானது. வழியில் தனக்குள் சொல்லிக்கொண்டது பத்தொன்பது வயதின் மிடுக்கு.

மூன்றாமாண்டு நவம்பரில், குடை திரும்பிக்கொள்ள, மழையில் நிற்கும் ஆனுக்கு வேறொரு குடை நீட்டப்படுகிறது. ராய் கார்ட்னர். உயரம், கறுத்த முடி, சோகம் ததும்பும் கண்கள், பணம், குடும்பப் பெருமை. சிறு வயதிலிருந்து அவள் கனவு கண்ட நாயகனை அச்சில் வார்த்து எடுத்ததுபோல் இருக்கிறான். அவனிடம் குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை, அதுதான் சங்கடம். ஒருமுறை அவள் ஊர்ச் சங்கக் கூட்டத்தில் நடந்த வேடிக்கை ஒன்றைச் சொல்கிறாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அதே கதைக்குத் தானும் கில்பர்ட் பிளைத்தும் வயிறு வலிக்கச் சிரித்தது அவளுக்கு நினைவு வருகிறது. கில்பர்ட் ஊர்ப் பையன், பள்ளியில் கூடப் படித்தவன். இரண்டாமாண்டில் அவன் மணம் பேசியபோது அவள் மறுத்தாள். பழகிய முகத்தில் காதல் இருக்க முடியாது என்று நினைத்த வயது.

பட்டமளிப்பு நாளில் ராய் அனுப்பிய வயலெட் பூக்களை விட்டுவிட்டுக் கில்பர்ட் அனுப்பிய லில்லியை எடுத்துக்கொண்டு போகிறாள். ஏன் என்று அவளுக்கே விளங்கவில்லை. பிறகு 38ஆம் அத்தியாயத்தில், முதல் மழையன்று பேசிக்கொண்டிருந்த அதே மண்டபத்துக்கு அழைத்துப் போய், ராய் மணம் பேசுகிறான். ஒரு சொல் பிசகாத பேச்சு. இங்கே மான்ட்கோமரி ஒரு குறும்பு செய்கிறார். ரூபி கில்லிஸுக்கு மணம் பேச வந்தவர்களில் ஒருவன், காதலும் கல்யாணமும் பற்றிய ஒழுங்குமுறைப் புத்தகத்திலிருந்து நகலெடுத்துப் பேசியதுபோல் அத்தனை அழகாக இருந்ததாம் அது. ஏறக்குறைய மூன்று வருடத்துக்கு முன் இறந்துபோன ரூபியின் பெயர் மிகச் சரியாக இந்த நிமிடத்தில் வருகிறது. ஆசிரியர் அதை ஒரு நகைச்சுவைக்காக மட்டும் போட்டிருக்கலாம். ஆனாலும் பொருத்தம் கச்சிதம். ஆன் ‘சரி’ என்று சொல்ல வாய் திறக்கிறாள். முடியவில்லை. அவன் தன் வாழ்க்கைக்குச் சொந்தமானவன் இல்லை என்று அந்த நொடியில் தெரிந்துபோகிறது.

ராய்தான் ஆனுக்குக் கிடைத்த பரலோகம். எல்லோரும் அழகு என்று சொன்னார்கள், அவளும் ஒத்துக்கொண்டாள், நுழைவாசலில் நின்றபோது, இது எனக்குப் பழகியது இல்லையே என்று ரூபி அரண்டதைப்போலவே அரண்டாள். ரூபிக்குத் திரும்பி வர வழி இல்லை. ஆனுக்கு இருந்தது; பழகிய கில்பர்ட்டிடம் திரும்பினாள்.

இதற்கு எதிர்வழக்கும் நாவலிலேயே இருக்கிறது. வழக்கு நடத்துபவள் பிலிப்பா கார்டன். பணக்கார வீட்டுப் பெண், கணக்கில் கெட்டிக்காரி, எந்தச் சின்ன விஷயத்திலும் முடிவெடுக்கத் தெரியாதவள். அலெக், அலோன்சோ என்ற இருவரில் யாரைக் கட்டிக்கொள்வது என்று வருடக்கணக்கில் ஊசலாடுகிறாள். பணக்காரனைத் தவிர வேறு யாரோடும் வாழத் தன்னால் முடியாது என்று வெளிப்படையாகவே சொல்கிறவள். அவள் ஒரு கோடையில் ஜோனஸ் பிளேக் என்ற இளம் போதகரைச் சந்திக்கிறாள். ஏழை. பார்க்க நன்றாக இருக்க மாட்டார் என்பதை அவளே சிரித்துச் சொல்கிறாள். அவருடைய ஊழியமோ நகரின் சேரிப் பகுதியில். பிலிப்பா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. பழகிய எல்லாவற்றையும் உதறிவிட்டு, தனக்குத் துளியும் பழகாத வாழ்க்கைக்குள் மகிழ்ச்சியாக நடந்து போகிறாள்.

அப்படியானால் பழக்கம்தான் எல்லாம் என்ற ரூபியின் கட்சி தோற்றதா? பிலிப்பாவுக்கு இடம் புதிது, ஆள் புதிதில்லை. நேசித்த ஆள் அங்கே இருந்ததால் சேரித் தெரு அவளுக்கு வீடாகிவிட்டது. கிறித்தவ மரபின் ஆழமான விடையும் இதுதான். அகஸ்டின் முதல் வெஸ்ட்மின்ஸ்டர் வினாவிடை வரை, பரலோகத்தை இடமாகக் கொள்ளாமல் கடவுளோடு இருப்பதாகச் சொல்லும் ஒரு குரல் தொடர்ந்து கேட்கிறது. கடவுளை நேசிப்பவருக்கு அவர் இருக்கும் இடம் அந்நியமாகாது. ஆனால் ரூபிக்குக் கடவுள் யார்? ஒப்பித்த 107 விடைகளில் வரும் ஒரு பெயர். அந்தப் பெயரை நேசிக்க அவளுக்கு யாரும் கற்றுத்தரவில்லை என்றால், குற்றவாளிக் கூண்டில் அவளோடு அவளுடைய ஓய்வுநாள் பள்ளியும் நிற்க வேண்டும்.

மான்ட்கோமரி இதை வெளியிலிருந்து பேசவில்லை. 1911இல் போதகர் யூவன் மெக்டொனால்டை மணந்து, ஒன்டாரியோவின் லீஸ்க்டேல் என்ற ஊரில் பாதிரி வீட்டில் வாழ்ந்துகொண்டுதான் இந்த நாவலை எழுதினார். கல்லூரியும் அவருக்கு அரைகுறையாகத்தான் கிடைத்தது: ஹாலிஃபாக்ஸின் டல்ஹௌசியில் 1895–96 என ஒரே ஓர் ஆண்டு. மேலே படிக்கப் பணமில்லை. அந்த ஹாலிஃபாக்ஸ்தான் நாவலில் கிங்ஸ்போர்ட். ஆனுக்கு மட்டும் முழுசாக நான்கு ஆண்டும் ஒரு பட்டமும் கொடுத்தார். காதலிலும் அப்படியே. 1897இல் படித்த, எல்லா வகையிலும் பொருத்தமான எட்வின் சிம்ப்சனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, அவரருகே இருக்கவே முடியாமல் அந்த ஏற்பாட்டை முறித்தார். மனம் போன இடமோ ஹெர்மன் லியர்ட் என்ற விவசாயி. அவரை மணக்கத் தன்னால் முடியாது என்பதை நாட்குறிப்பில் எழுதிவைத்தார். மான்ட்கோமரியின் மரணத்துக்குப் பல பத்தாண்டுகள் கழித்து, 1985இலிருந்து அந்த நாட்குறிப்புகள் அச்சேறத் தொடங்கியபோதுதான், ராயை மறுக்கும் காட்சிக்குப் பின்னால் எவ்வளவு இருந்தது என்று வாசகர்களுக்குத் தெரிந்தது.

1919 அவருக்குக் கொடிய ஆண்டு. ஜனவரியில் உயிர்த்தோழியும் தாயின் சகோதரி மகளுமான ஃப்ரெடரிகா இன்ஃப்ளுயன்சா கண்டு இறந்தார். முன்னால் போகிறவர் மற்றவரிடம் திரும்பி வர வேண்டும் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். மரணப் படுக்கையிலும் அந்த வாக்கை மான்ட்கோமரி நினைவூட்டினார். மறுமை எவ்வளவு உயர்ந்தது என்பதைப் பற்றி அவர் அந்த நேரத்தில் எதுவும் கேட்கவில்லை. பழகிய தோழி பழகியபடி வந்தால் போதும் என்றிருந்தது. அதே ஆண்டில் கணவருக்கு மனநோய் முற்றியது. தான் நரகத்துக்கென்றே முன்குறிக்கப்பட்டவன் என்று அந்தப் போதகர் நம்பினார். வினாவிடையை ஆயிரம் பேருக்குக் கற்றுக்கொடுத்தவருக்கே அதன் முதல் விடை கைகொடுக்கவில்லை.

ரூபிக்கு ஆன் எழுதிய தீர்ப்பு மறு விசாரணைக்குரியது. வேறு சாட்சி தேவையில்லை. அதே புத்தகத்தின் 14ஆம் அத்தியாயத்தையும் 38ஆம் அத்தியாயத்தையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் போதும். இடையில் உள்ளவற்றைப் பிறகு படித்துக்கொள்ளலாம்; பூனைகள் காத்திருக்கும்.