கடவுளும் தாய்மடியும்

பயந்த குழந்தை தாயிடம் ஓடுகிறது. பயந்த பக்தர் கடவுளிடம் ஓடுகிறார். இரண்டும் ஒரே ஓட்டம்தானா? அப்படியென்றால் இறைநம்பிக்கை என்பது தாய்மடியைத் தேடும் ஏக்கம் மட்டும்தானா? இங்கிலாந்து மனநல மருத்துவர் ஜான் பவுல்பி (1907–1990) உருவாக்கிய பிணைப்புக் கோட்பாடு இந்தக் கேள்வியைப் புதிதாக எழுப்பியது.

பால் கொடுப்பதால்தான் குழந்தை தாயை நேசிக்கிறது என்றே அவருக்கு முன்பு பெரும்பாலோர் கருதினர். பவுல்பி அதை ஏற்கவில்லை. ஆபத்தில் ஒருவரை ஒட்டிக்கொள்ளும் தேவை பசியைப் போலவே பிறவியிலேயே உள்ளது என்றார். 1950களின் இறுதியில் அமெரிக்காவில் உளவியலாளர் ஹாரி ஹார்லோ நடத்திய சோதனை இதற்கு வலுச் சேர்த்தது. தாயிடமிருந்து பிரித்த குரங்குக்குட்டிகளுக்கு இரண்டு பொம்மைத் தாய்கள் வைக்கப்பட்டன. கம்பியால் செய்ததில் பால்புட்டி இருந்தது; துணி சுற்றியதில் எதுவும் இல்லை. பசித்தபோது கம்பித் தாயிடம் குடித்த குட்டிகள், மற்ற நேரமெல்லாம் துணித் தாயையே கட்டிக்கொண்டு கிடந்தன. கொடுமையான சோதனைதான், ஆனால் அன்பு வயிற்றிலிருந்து பிறப்பதில்லை என்பதை அது காட்டிவிட்டது.

பிணைப்பு குழந்தைக்குக் குழந்தை எப்படி வேறுபடுகிறது என்பதை அறிய, உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வொர்த் அமெரிக்காவின் பால்டிமோரில் ஒரு வயதுக் குழந்தைகளைக் கவனித்தார். தாய் சில நிமிடம் அறையைவிட்டுப் போய்த் திரும்புவார். போகும்போது குழந்தை அழுததா என்பதைவிட, திரும்பியதும் என்ன செய்தது என்பதே அவருக்கு முக்கியம். சில குழந்தைகள் ஓடிவந்து தோளில் சாய்ந்து, அழுகை அடங்கியதும் இறங்கி விளையாடப் போயின. சில, தாயைப் பாராதவை போல முகத்தைத் திருப்பிக்கொண்டன. சில, இடுப்பை விட்டு இறங்காமல் தாயை அடித்தன. பின்னாளில் மேரி மெயின் நான்காவது வகை ஒன்றையும் கண்டார்: தாயை நோக்கி வந்து பாதியில் உறைந்து நிற்கும் குழந்தை. ஆறுதல் தரவேண்டியவரே அச்சத்துக்கும் காரணமாகிவிட்டால் குழந்தைக்கு ஓட இடமில்லை.

இந்தப் பார்வையைச் சமயத்துக்குக் கொண்டுசென்றவர் உளவியலாளர் லீ கிர்க்பாட்ரிக். தாயிடம் கிடைக்காததைச் சிலர் கடவுளிடம் தேடுகின்றனர்; வேறு சிலர் தாயிடம் கண்ட நம்பிக்கையையே கடவுள்மீதும் வைக்கின்றனர். சுவீடனில் பேர் கிரான்க்விஸ்ட் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வு நெகிழ வைப்பது. துன்பத்தில் இருக்கும் ஒரு குழந்தையின் கதையைச் சொல்லி, கடவுளைக் குறிக்கும் உருவை எங்கே வைப்பாய் என்று ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகளிடம் கேட்டனர். தாயிடம் பாதுகாப்பான பிணைப்பு உள்ள பிள்ளைகள், மற்றவர்களைவிட அதைக் கதைக் குழந்தைக்கு அருகில் வைத்தனர்.

இதனால் கடவுள் வெறும் கற்பனை என்று ஆகிவிடுமா? குழந்தையின் கதியற்ற நிலையே கடவுளைப் படைத்தது என்று 1927இல் வாதிட்ட ஃபிராய்டு, மனிதர் அதிலிருந்து வளர்ந்து வெளியேற வேண்டும் என்றார். பவுல்பியோ பிணைப்புத் தேவை சாகும்வரை நீடிப்பது, அது முதிர்ச்சியின்மை அல்ல என்றார். இருவரில் மனிதரைச் சரியாகப் பார்த்தவர் பவுல்பிதான். கை ஏன் நீள்கிறது என்பதை உளவியல் சொல்ல முடியும். நீளும் திசையில் ஒருவர் இருக்கிறாரா என்பது அதன் அளவுகோலுக்குள் வராது.

தமிழ் வைணவம் இந்த உருவகத்தை வெட்கமின்றி ஏற்றுக்கொண்டது. அதன் இரு பிரிவினரில், தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியை வடகலையார் காட்டினர். தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியைத் தென்கலையார் காட்டினர். பற்றுவது யார் என்பதில்தான் வழக்கே தவிர, சரணடையும் உயிர் குட்டி என்பதில் இருவருக்கும் ஐயமில்லை.

ஆனால் நம் வீடுகளில் வேறொரு கடவுளும் உண்டு. பொய் சொன்னால் “சாமி கண்ணைக் குத்தும்” என்று கேட்டு வளரும் பிள்ளை, இரவில் பயந்தால் அதே சாமியைத்தான் கும்பிட்டுவிட்டுப் படுக்க வேண்டும். மேரி மெயின் கண்ட, பாதி வழியில் உறைந்து நின்ற குழந்தையின் நிலை அதுதான்.