இல்லத்து ஒளியும் உயிரின் தனிமையும்

உள்ளதை உள்ளவாறு எழுதுதல் ஓவியத்தின் ஒரு நெறி. அந்நெறியில் நம் காலத்துப் பெயர் பெற்றவர், கும்பகோணத்தை அடுத்த செம்பியவரம்பலில் 1979-ஆம் ஆண்டு பிறந்து, 2021-ஆம் ஆண்டு கொரோனா நோயால் மறைந்த ஓவியர் இளையராஜா ஆவர். நாட்டுப்புறத்து எளிய வீடுகளும், அவற்றுள் வாழும் தமிழ் மகளிருமே அவர்தம் ஓவியங்களிற் பெரிதும் இடம்பெற்றவை. வாயில் வழியாகவோ சாளரத்தின் வழியாகவோ பகலொளி உட்புகும்; அதன்முன் ஒரு பெண் தனியே இருப்பாள். சுவரும், கதவும், அவள் முகமும் அவ்வொளியாலேயே புலனாகும். எஞ்சிய இடம் இருளிற் கிடக்கும்.

இவற்றைக் காண்பார்க்கு ஒரு வினா எழும்: அவள் மெய்யாகவே தனித்திருக்கின்றாளோ?

சாங்கியர், உயிர் யாதொன்றையுஞ் சாராது தனித்து நிற்றலே கைவல்யமாகிய வீடென்பர். சித்தாந்தம் அதற்கு உடன்படாது. உயிர் சார்ந்ததன் வண்ணமாந் தன்மைத்து. சார்பின்றி நிற்றல் அதற்கு இல்லை. கேவலம் என்னுஞ் சொற்குத் தனிமை என்பதே பொருளாயினும், கேவலாவத்தையில் உயிர் ஆணவத்தோடு கூடி அறிவு விளங்காது கிடக்கின்றது. சகலத்தில், மாயையின் காரியமாகிய உடலுங் கருவிகளும் விடியுமளவும் உதவும் விளக்குப்போலச் சிறிது விளக்கந் தருகின்றன. சுத்தத்தில், திருவருளாகிய ஞாயிறு உதிக்க, உயிர் சிவத்தோடு பிரிப்பின்றி நிற்கும். மூன்று நிலையினும் உயிர் தனித்ததன்று.

இதனை ஓவியத்தில் வைத்துக் காண்க. கண்ணுக்குக் காணும் ஆற்றல் உண்டு. எனினும் புறவொளி உடன்கலந்து நின்று காட்டினாலன்றி அது காணாது. அப்பெண் நோக்குவது ஏதோ ஒரு பொருளை; அதனைக் காட்டும் ஒளியை அவள் நினைந்திலள். நாமும் காட்டும் முதல்வனை மறந்து, காணப்பட்ட பொருள்களையே எண்ணி, அவை நீங்கியவழித் 'தனியேம்' என்று வருந்துகின்றோம்.

அற்றேல், இறைவன் உடனிருத்தலின் தனித்திருப்பாரைக் குறித்து நாம் கவலுதல் வேண்டாவோ எனின், அற்றன்று. கோவிற்பட்டியை அடுத்த எம் கடம்பூர் முதலிய கரிசற்காட்டு ஊர்களில் மானாவாரி வேளாண்மை மழையை நம்பியது. மழை பொய்ப்பின் இளையோர் பிழைப்புத் தேடி வெளியூர் செல்வர். முதியோர் வீட்டில் தனித்திருப்பர். அவரிடஞ் சென்று, 'இறைவன் உடனுளன்' என்று உரைத்து மீளுதல் மட்டும் சைவமாகாது. இறைவன் நம்பொருட்டு மானிட வடிவிற் குருவாய் எழுந்தருளுவன் என நம்பும் நாம், மற்றொருவர் பொருட்டு அவர் இல்லம் புக நாணுதல் தகுமோ? வாயிலில் நின்றே உபதேசஞ் செய்வான், உள்ளே புகும் வெளிச்சத்தையும் மறைப்பவனாவான். உட்சென்று உடனமர்வானே அவ்வொளிக்கு வழிவிடுபவன்.

திருச்சிற்றம்பலம்.