சனிக்கிழமையின் விலை

தென் கரோலைனாவின் ஸ்பார்டன்பர்க், அன்று மில்களின் ஊர். அங்கே ஒரு நெசவு மில்லில் வேலை பார்த்த அடெல் ஷெர்பர்ட், 1957இல் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையில் சேர்ந்தார். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததிலிருந்து சனிக்கிழமை பொழுது சாயும்வரை அந்தச் சபையாருக்கு ஓய்வுநாள். அந்நேரத்தில் கூலிவேலை கூடாது. அப்போது வாரத்தில் ஐந்து நாள் வேலைக்கு மில் இடம்கொடுத்ததால் தொல்லை வரவில்லை. 1959இல் மூன்று ஷிப்டுக்காரர்களும் சனிக்கிழமை வந்தாக வேண்டும் என்று நிர்வாகம் முறையை மாற்றியது. ஷெர்பர்ட் மறுத்தார், வேலை போயிற்று. அக்கம்பக்கத்தில் மேலும் மூன்று மில்களில் கேட்டுப் பார்த்தார். எல்லா இடத்திலும் ஆறு நாள் வேலைதான்.

வேலையிழந்தோருக்கான உதவித்தொகை கேட்டு மாநில ஆணையத்தில் மனுப் போட்டார். தக்க காரணமில்லாமல் வேலையை மறுத்தவர் என்று ஆணையம் மனுவைத் தள்ளியது. மாநில உச்ச நீதிமன்றமும் அதையே ஆமோதித்தது. அவர் விரும்பியபடி வழிபடலாம், யாரும் தடுக்கவில்லை என்றது அது.

மத வரலாற்றில் மிகப் பழைய கேள்வி ஒன்று இங்கே புது வேடத்தில் வந்து நிற்கிறது. தெய்வத்துக்கும் அரசுக்கும் இடையில் மனிதன் யாருக்குக் கட்டுப்பட்டவன்? பல்லவ மன்னன் நாவுக்கரசரை நீற்றறையில் இட்டான் என்று பெரியபுராணம் சொல்கிறது. அது அடக்குமுறை என்பது சிறுவருக்கும் புரியும். ஆனால் அரசு நெருப்பு மூட்டவில்லை, சிறையில் தள்ளவில்லை, வாராந்தர உதவித்தொகையை மட்டும் நிறுத்திவைக்கிறது என்றால்? சம்பளமும் இல்லாமல் உதவித்தொகையும் இல்லாமல் தன் ஓய்வுநாளை ஒருவர் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று விடுவதற்குப் பெயர் சுதந்திரமா?

1963 ஜூன் 17 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் இல்லை என்றது. ஏழு பேர் ஒருபுறம், இருவர் மறுபுறம். தீர்ப்பை எழுதிய நீதிபதி வில்லியம் பிரென்னன், சனிக்கிழமை வழிபட்டதற்காக ஷெர்பர்ட்டுக்கு அபராதம் விதிப்பதும் உதவித்தொகையை மறுப்பதும் விளைவில் ஒன்றுதான் என்று கண்டார். உதவித்தொகை அரசின் சலுகை, உரிமை அன்று; ஆகவே அதற்கு எந்த நிபந்தனையும் போடலாம் என்ற வாதத்தை அவர் ஏற்கவில்லை. இன்னொரு முரணையும் சுட்டிக்காட்டினார். நெருக்கடிக் காலத்தில் நெசவு ஆலைகளை ஞாயிற்றுக்கிழமை ஓட்ட அனுமதித்தாலும், மனசாட்சியால் மறுக்கும் தொழிலாளியை வற்புறுத்தக் கூடாது என்று அதே தென் கரோலைனாவின் சட்டம் சொல்லியிருந்தது. பெரும்பான்மையோரின் புனித நாளுக்குச் சட்டத்தின் காவல் இருந்தது. சிறுபான்மையோரின் புனித நாளுக்கு இல்லை.

எதிர்த்தரப்பிலும் நியாயம் இருந்தது. வியாபாரம் நொடித்ததால் வேலை இழந்தவர்களுக்காக ஏற்பட்ட நிதி இது; சொந்தக் காரணங்களால் வேலைக்கு வராதவர்களுக்கு அன்று என்றார் மாறுபட்ட இருவரில் ஒருவரான நீதிபதி ஹார்லன். பக்தியைப் பொய்யாகச் சொல்லிப் பணம் வாங்குவோர் கிளம்புவார்கள் என்று மாநிலம் அஞ்சியது. அந்த அச்சத்துக்கு ஆதாரம் காட்ட மாநிலத்தால் முடியவில்லை.

ஷெர்பர்ட் வழக்கில் அவரை மறித்தது ஆணையம். பல வழக்குகளில் முதலில் எதிர்ப்பவர் முதலாளி. அதற்குக் காரணம் கணக்கில் இருக்கிறது. 1935இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தையொட்டி அமைந்த இந்த ஏற்பாட்டுக்குப் பணம் பெரும்பாலும் முதலாளிகள் கட்டும் வரியிலிருந்து வருகிறது. வேலையை விட்டு அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர் தொகை வாங்குகிறார்களோ, அதற்கேற்ப அந்த நிறுவனத்தின் வரி விகிதம் ஏறும். ஆகவே நிறுவனம் படிவத்தில் ஒரு காரணத்தை எழுதி எதிர்ப்புத் தெரிவிக்கிறது. அடிக்கடி எழுதப்படுவது ஒழுங்கீனம் என்ற சொல்.

அந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் எல்லை உண்டு. 1941இல் ஒரு வாடகைக் கார் நிறுவனம் பற்றிய வழக்கில் விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் வகுத்த வரையறையைப் பல மாநிலங்கள் பின்பற்றுகின்றன. வேண்டுமென்றே முதலாளியின் நலனை மதிக்காமல் நடப்பதே ஒழுங்கீனம். திறமைக்குறைவும், எப்போதாவது நேரும் கவனப்பிசகும், நல்லெண்ணத்தோடு எடுத்துத் தவறாகிப்போன முடிவும் அதில் சேரா. ஒழுங்கீனத்தை நிரூபிக்கும் பொறுப்பும் பொதுவாக முதலாளியுடையது. வேலையிழந்து நிற்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஃபுளோரிடாவில் ஒரு நகைக்கடை நிறுவனத்தில் இரண்டரை ஆண்டு வேலை பார்த்த பாலா ஹாபி, 1984இல் அட்வென்டிஸ்டாக ஞானஸ்நானம் பெற்றார். அவருடைய மேற்பார்வையாளர் நல்ல மனிதர். சனிக்கிழமை வேலையைத் தாமே பார்த்துக்கொள்வதாகவும், ஹாபி தமக்காக வேறு நேரத்தில் வேலை செய்தால் போதும் என்றும் ஒத்துக்கொண்டார். மேலாளருக்குத் தெரியவந்ததும் அந்த ஏற்பாடு முறிந்தது, ஹாபியின் வேலையும் போயிற்று. அவர் உதவித்தொகை கேட்டபோது, நிறுவனம் ஒழுங்கீனம் என்று எதிர்த்தது. வேலையில் சேரும்போது இல்லாத நம்பிக்கை பிறகு எப்படி வந்தது, மாறியது அவர்தானே என்பது எதிர்த்தரப்பின் வாதம். 1987இல் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதை நிராகரித்தது. பிறந்தபோதே கொண்ட நம்பிக்கைக்கு ஒரு மதிப்பும் வளர்ந்த பின் கண்டடைந்த நம்பிக்கைக்கு வேறொரு மதிப்பும் இல்லை.

எது உண்மையான நம்பிக்கை என்று யார் தீர்மானிப்பது? எடி தாமஸின் வழக்கு இந்தக் கேள்வியைத்தான் தொட்டது. யெகோவாவின் சாட்சியான அவர் இண்டியானாவில் இரும்பு வார்ப்படத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தார். அவருடைய பிரிவு மூடப்பட்டு, ராணுவ டாங்கிகளின் பீரங்கிக் கோபுரம் செய்யும் பிரிவுக்கு மாற்றப்பட்டார். மற்றப் பிரிவுகளிலும் ஆயுத வேலைதான். ராஜினாமா செய்தார். அதே சபையைச் சேர்ந்த சக தொழிலாளி ஒருவர், இந்த வேலையில் வேதத்துக்கு விரோதம் இல்லை என்று சொல்லியிருந்தார். தாமஸோ, ஆயுதமாகக்கூடிய எஃகை உருக்கத் தமக்குத் தடையில்லை, ஆயுதத்தைச் செய்யத்தான் மாட்டேன் என்றார். மாநில உச்ச நீதிமன்றம் இதை மதம் என்று ஏற்காமல் சொந்தத் தத்துவம் என்றது. 1981 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தியது. தாமஸ் ஒரு கோடு கிழித்திருக்கிறார். அது நியாயமான இடத்தில் இருக்கிறதா என்று அளப்பது நீதிபதியின் வேலையில்லை. ஒரே சபைக்குள் இருவர் மாறுபடும்போது யார் வேதத்தைச் சரியாகப் படித்தார் என்று நீதிமன்றம் சொல்ல முடியாது.

1989இல் இந்தக் கோட்பாடு இன்னும் ஒரு படி போனது. வில்லியம் ஃப்ரேசி எந்தச் சபையிலும் உறுப்பினர் இல்லை. தாம் கிறிஸ்தவர், ஆகவே ஆண்டவரின் நாளான ஞாயிறன்று வேலை செய்ய முடியாது என்று மட்டும் சொன்னார். இல்லினாய் மாநிலம் மறுத்த தொகையை உச்ச நீதிமன்றம் ஒருமனதாகப் பெற்றுத் தந்தது. மனசாட்சிக்குப் பின்னால் ஒரு கூட்டம் நிற்க வேண்டிய அவசியம் இல்லை என்பது அதன் பொருள்.

சட்டத்தில் அப்படி. நடைமுறையில் கூட்டம் இல்லாதவர் தனித்துத்தான் நிற்கிறார். ஷெர்பர்ட்டுக்கு ஆதரவாக யூத அமைப்புகள் உச்ச நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்தன. சனிக்கிழமை அவர்களுக்கும் ஓய்வுநாள். ஹாபிக்காக வாதாட அட்வென்டிஸ்ட் சபையின் வழக்கறிஞர்கள் இருந்தார்கள். இப்படி யாருமில்லாத தொழிலாளி, உதவித்தொகைக்கான மேல்முறையீட்டில் தொலைபேசியில் நடக்கும் விசாரணையில் தானே பேசுகிறார். மறுமுனையில் நிறுவனத்தின் மனிதவள அதிகாரியோ, இதற்கென்றே அமர்த்தப்பட்ட பிரதிநிதியோ இருப்பார். அந்த ஒரு விசாரணையில் பதிவாவதே வழக்கின் உயிர். பெரும்பாலான மாநிலங்களில் மேலே உள்ள வாரியமும் நீதிமன்றமும் அந்தப் பதிவைத்தான் புரட்டிப் பார்க்கும். புதிதாகச் சாட்சி கேட்காது. தன் மறுப்புக்கு மதமே காரணம் என்று அங்கே சொல்லத் தவறியவர் பிறகு சொல்வது கடினம்.

ஷெர்பர்ட் தீர்ப்புக்கு மூன்று மாதம் முன்பு, 1963 மார்ச்சில், கிடியன் வழக்கில் அதே நீதிமன்றம் கடுங்குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கு அரசே வழக்கறிஞரை அமர்த்த வேண்டும் என்றது. சிவில் வழக்குகளுக்கு அந்த உரிமை வரவில்லை. தாமஸ் தீர்ப்புக்கு இரண்டு மாதம் பின்பு, 1981 ஜூனில், பிள்ளை மீதான தாயின் உரிமையை முற்றாகப் பறிக்கும் வழக்கில்கூட ஏழைக்கு வழக்கறிஞர் தானாகக் கிடைத்துவிடமாட்டார் என்று லாசிட்டர் வழக்கில் சொன்னது. மனசாட்சிக்கு வாசலைத் திறந்த நீதிமன்றம், அந்த வாசல்வரை ஏழையை அழைத்துவர ஆளை ஏற்பாடு செய்யவில்லை.

அந்த இடைவெளியை நிரப்பச் சிலர் முயல்கிறார்கள். 1974இல் நாடாளுமன்றம் உண்டாக்கிய சட்டச் சேவைக் கழகம் நாடெங்கும் உள்ள இலவச சட்ட உதவி அமைப்புகளுக்குப் பணம் தருகிறது; வருமானம் வறுமைக் கோட்டின் 125 சதவீதத்துக்குள் இருப்பவர்களுக்கே பெரும்பாலும் அந்த உதவி. சட்டக் கல்லூரிகளின் உதவி மையங்களில் பேராசிரியரின் மேற்பார்வையில் மாணவர்கள் வழக்கு நடத்துகிறார்கள். நியூயார்க்கில் சட்ட மாணவர்களே நடத்தும் அமைப்பு ஒன்று வேலையிழந்தவர்களுக்காகக் கட்டணமின்றி விசாரணைகளில் வாதாடுகிறது. தொழிற்சங்கங்களும் ஆள் அனுப்புவதுண்டு. பல மாநிலங்களில் வழக்கறிஞர் அல்லாதவரும் துணைக்கு வந்து பேசலாம். 1971இல் ஜாவா வழக்கில் கிடைத்த பலனும் பெரியது. தகுதி உண்டு என்று முதலில் முடிவான பிறகு, முதலாளி மேல்முறையீடு செய்தார் என்பதற்காக மட்டும் கலிபோர்னியா பணத்தை நிறுத்தியது. அது கூடாது என்று உச்ச நீதிமன்றம் தடுத்தது.

1990இல் ஒரு பின்னடைவு வந்தது. ஆரெகானில் போதை மீட்பு மையம் ஒன்றில் பணியாற்றிய ஆல்ஃபிரட் ஸ்மித்தும் கேலன் பிளாக்கும், பூர்வகுடி அமெரிக்கத் திருச்சபையின் வழிபாட்டில் சட்டம் தடைசெய்த பெயோட்டே என்ற கள்ளிவகையை உட்கொண்டதற்காக நீக்கப்பட்டார்கள். ஒழுங்கீனம் என்று உதவித்தொகையும் மறுக்கப்பட்டது. எல்லோருக்கும் பொதுவான குற்றச் சட்டத்திலிருந்து மதத்துக்கு விலக்குக் கேட்க முடியாது என்றது நீதிபதி ஸ்காலியாவின் தீர்ப்பு. நாடே கொதித்தது. 1993இல் நாடாளுமன்றம் மதச் சுதந்திர மீட்புச் சட்டத்தை நிறைவேற்றி, மிக வலுவான காரணமின்றி மதத்தின்மீது சுமை ஏற்றக் கூடாது என்ற ஷெர்பர்ட் வழக்கின் அளவுகோலை அந்தப் பெயராலேயே குறிப்பிட்டு மீட்டது. 1997இல் அந்தச் சட்டம் மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பானது. ஆனாலும் உதவித்தொகை விஷயத்தில் ஷெர்பர்ட் தீர்ப்பு இன்றும் நிற்கிறது. தக்க காரணம் என்ன என்று ஒவ்வொருவரிடமும் கேட்கும் அரசு, மதக் காரணத்தை மட்டும் கேளாமல் தள்ள முடியாது.

மில் தொழிலாளியும் வார்ப்படத் தொழிலாளியும் நகைக்கடை ஊழியரும் வாரத் தொகைக்காகப் போட்ட வழக்குகளில்தான் மனசாட்சியைப் பற்றிய அமெரிக்கச் சட்டம் வளர்ந்தது. அடுத்த ஷெர்பர்ட்டுக்கு முதல் விசாரணையிலேயே ஒரு துணை கிடைக்க மாநிலங்கள் வரிப்பணத்தில் ஏற்பாடு செய்ய வேண்டும். அதுவரை அமெரிக்காவில் வேலையிழந்து மறுப்புக் கடிதம் பெற்றவர்கள் மனம் தளர்ந்து அதை ஓரம் வைத்துவிட வேண்டாம். மேல்முறையீட்டுக்கு ஃபுளோரிடாவில் 20 நாள், கலிபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் 30 நாள். மற்ற மாநிலங்களின் கெடு அந்தக் கடிதத்திலேயே இருக்கும். வழக்கு நடக்கும்போதும், இன்னும் வேலையின்றி இருப்பதாகத் தரும் உறுதிமொழியைக் குறித்த காலத்தில் தவறாமல் அனுப்புங்கள். விசாரணைத் தேதிக்கு முன்பே சட்ட உதவி மையத்தின் கதவைத் தட்டுங்கள்.