அடைமொழியும் அறமும்

பிழைப்பின் பொருட்டு வடபுலம் போந்து, நடுவண் அரசு அலுவலகங்களில் ஆங்கிலக் குறிப்பெழுதியே காலம் கழிக்கும் நம்மனோர்க்கு அம்மொழியின் அடைமொழிகள் நாளும் எதிர்ப்படுவன. கேர்லெஸ், நெக்லிஜென்ட் என இரு சொற்கள். அகராதியைப் புரட்டினால் ஒன்றற்கு மற்றொன்றையே பொருளாகக் காட்டும். 'கவனமற்ற' என்று இரண்டையும் தமிழாக்கிவிட்டு அமைதி கொள்ளலாம். ஆயின் அச்சொல் ஒருவர் பெயரோடு சேர்ந்து கோப்பில் ஏறும்போது அமைதி அத்துணை எளிதன்று.

சில ஆண்டுகட்கு முன், கடைநிலை ஊழியர் ஒருவர் ஒரு கோப்பினை வேறு பிரிவிற்குக் கொடுத்துவிட்டார். மெமோவின் வரைவு நம் மேசைக்கு வந்தது. முதலில் கேர்லெஸ் என்றே எழுதினோம். வீட்டில் பிள்ளைகளைக் கடியும் சொல்லாகப் பட்டது. அடித்துவிட்டு, மிடுக்கான ஓசையுடைய நெக்லிஜென்ட் என்பதை இட்டோம். முன்னது நிகழ்ந்த பிழையைச் சுட்டும். பின்னதோ, கடமையில் தவறியவர் என்னும் சட்ட வாடையை உடன் கொணரும். மேலதிகாரிகள் அச்சொல்லையே அடுத்தடுத்து எடுத்தாண்டனர். அவருள் எவரும் அவ்வூழியரை நேரில் கண்டவரல்லர். பொய் எழுதினோமா எனின், இல்லை. மெய் எழுதினோமா என்றால் நா எழவில்லை.

பழிச்சொல்தான் தீங்கிழைக்கும் என்பதுமில்லை. எல்லைச் சாலை அமைப்பில் நிர்வாகப் பொறியாளராயிருந்த தேவ் தத் என்பாருக்கு 1993-94ஆம் ஆண்டின் இரகசிய அறிக்கையில் 'குட்' என எழுதினர். நன்று என்பதில் குற்றம் என்ன? பதவி உயர்விற்கு 'வெரி குட்' வேண்டியிருந்தது! உயர்வும் கிட்டவில்லை, எழுதப்பட்டது இன்னதென்று அவருக்கு அறிவிக்கப்படவுமில்லை. எம்மதிப்பீடாயினும் உரியவர்க்குத் தெரிவித்தல் வேண்டும் என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2009இல் வந்த ஆணைகளின்படி அறிக்கை முழுவதும் ஊழியர்க்குக் காட்டப்படுகிறது. பத்துக்கு இத்தனை என எண்ணும் இடப்படுகிறது. எண் வந்தால் மயக்கம் தீரும் என்பாருண்டு. நமக்கு அந்நம்பிக்கை இல்லை. ஆறு பெற்றவர் 'வெரி குட்'. ஆறுக்கு இம்மி குறைந்தவர் 'குட்'. அந்த இம்மியை அளந்த கோல் யாது?

மெமோ பெற்ற ஊழியர் ஆங்கிலம் அறியாதவர். தாளைக் கையிலேந்தி நம்மிடமே வந்து, அச்சொல்லின்மீது விரலை வைத்து, "பாபுஜி, இதற்கு என்ன பொருள்?" என்று வினவினார். சற்றே தயங்கி, 'பூல்' என்றோம். மறதியையும் சிறு பிழையையும் குறிக்கும் இந்திச் சொல் அது. அவர் முகம் தெளிந்தது. நமக்குத் தேநீர் கொணர்ந்து வைத்துச் சென்றார்.