பழைய காரும் நினைவின் அறமும்

ஒரு பொருள் வழக்கிலிருந்து மறைந்த பின்னரே அதன்மேல் மனிதருக்குப் பாசம் பெருகுகிறது. அம்பாசடர் கார் இதற்கு நல்ல சான்று. அது ஓடிய நாள்களில் அதனைக் குறை கூறாதவர் அரியர். பெட்ரோலை மிகுதியாகக் குடிக்கிறது என்றனர். மலைப்பாதையில் கொதித்து நின்றுவிடுகிறது என்றனர். வளைவில் திருப்புவதற்குள் தோள் வலிக்கிறது என்றனர். இன்று அதே காரின் படத்தைக் கண்டவுடன், ‘அந்தக் காலம் இனி வருமா?’ என்று பெருமூச்சு விடுகின்றனர்.

இந்த ஏக்கத்தை முதியோரின் பொழுதுபோக்கு என்று சிரித்து ஒதுக்கிவிடலாமா? ஒதுக்க இயலாது என்பதே என் எண்ணம். நினைவு நம்மை நன்றியுள்ளவராக்கலாம். அநீதிக்குக் கண்மூடியவராகவும் ஆக்கலாம். புனித தோமா அக்குவினார் நினைவாற்றலை விவேகம் என்னும் தலையாய நற்பண்பின் ஒரு கூறாக வைத்துப் பேசுகிறார். எனவே, எதனை நினைக்கிறோம், எவ்வாறு நினைக்கிறோம் என்பது அறநெறிக் கேள்வியே ஆகும்.

வீட்டில் ஒருவராக வாழ்ந்த கார்

இங்கிலாந்து நாட்டின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடிப்படையாகக் கொண்டு, கல்கத்தாவுக்கு அருகிலுள்ள உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் அம்பாசடரை உருவாக்கியது. 1950-களின் பிற்பகுதியில் தொடங்கிய உற்பத்தி 2014-ஆம் ஆண்டு மே மாதத்தில் நின்றது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அதன் உருவம் பெரிதாக மாறவே இல்லை. பம்பாயில் ஃபியட் வழிவந்த பத்மினியும், சென்னையில் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டும் உருவாயின. நடுத்தர இந்தியக் குடும்பம் ஒன்று காரைப் பற்றிக் கனவு கண்டால், அக்கனவு பெரும்பாலும் இம்மூன்றுக்குள் அடங்கிவிடும். எத்தனை கார்கள் செய்யலாம் என்பதை அரசின் உரிமமே வரையறுத்த காலம் அது. பணம் கட்டிப் பதிவு செய்தபின் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1983-இல் மாருதி 800 வந்த பிறகே இந்நிலை மாறத் தொடங்கியது.

நெடுங்காலம் காத்திருந்து பெற்றதனால் அதனை எவரும் எளிதில் விற்கவில்லை. வாங்கியவுடன் ஆலய முற்றத்தில் நிறுத்தி, தீர்த்தம் தெளித்து மந்திரிக்கச் செய்தனர். முன்கண்ணாடி ஓரத்தில் செபமாலை தொங்கியது. வேளாங்கண்ணி மாதாவின் சிறு படமும் இடம்பெற்றது. முன்னிருக்கை நீண்ட பலகை போன்றது, மூவர் அமரலாம். பின்னால் ஐவர், மடியில் குழந்தைகள், கூரைமேல் கயிற்றால் கட்டிய பெட்டிகள் எனத் திருவிழாவுக்குப் புறப்படும் குடும்பம் ஒரு சிறு ஊர் போலவே காட்சியளிக்கும். கார் கொதித்து நின்றால் மரநிழலில் இறங்கிக் கட்டுச்சோறு உண்டனர். வழி தெரியாதபோது கண்ணாடியை இறக்கி ஊராரிடம் கேட்டனர். அக்காரின் குறைகளே மனிதரை மனிதரோடு சேர்த்து வைத்தன.

ஆகவே, முதியோரின் பெருமூச்சு வெறும் இரும்புக்காக எழுவதன்று. அந்த இருக்கையில் தோளோடு தோள் உரசி அமர்ந்த தந்தையும், மடியில் இடம் தந்த பாட்டியும் இன்று இல்லை. அவர்களை நேராக எண்ணி அழ இயலாத உள்ளம், காரை எண்ணி ஏங்குகிறது. அன்பிலிருந்து பிறக்கும் இவ்வேக்கத்தை எள்ளி நகையாடுவது தகாது.

இனிமையாகும் கசப்பு

‘நாஸ்டால்ஜியா’ என்னும் சொல் மருத்துவத்திலிருந்து வந்தது. 1688-இல் யோகான்னஸ் ஹோஃபர் என்னும் மருத்துவ மாணவர், பாசெல் பல்கலைக்கழகத்திற்கு எழுதிய ஆய்வேட்டில் இச்சொல்லைப் படைத்தார். வீடு திரும்புதல், வலி என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. ஊரைப் பிரிந்து வாடியோரின் நோயை அவர் அவ்வாறு அழைத்தார். ஊரைப் பிரிந்தவன் திரும்பிச் சென்றால் நோய் தீரும். காலத்தைப் பிரிந்தவனுக்கோ திரும்பும் வழி இல்லை. அதனால்தான் அவன் தன் நினைவுக்குள்ளேயே ஒரு வீடு கட்டிக்கொள்கிறான்.

அவ்வீட்டை அவன் நேர்மையாகக் கட்டுகிறானா? புனித அகுஸ்தினார் தம் ‘அறிக்கைகள்’ நூலின் பத்தாம் பகுதியில் நினைவை ஆராய்கிறார். கடந்த துயரத்தைத் துயரமின்றி நினைக்க முடிவது எப்படி என்று வியக்கும் அவர், நினைவை மனத்தின் வயிறு என்கிறார். இனிப்போ, கசப்போ, வயிற்றுக்குள் சென்றபின் நாவுக்குச் சுவை தெரிவதில்லை. நாமோ ஒருபடி மேலே சென்று, விழுங்கிய கசப்பையும் இனிப்பென்றே சொல்லத் தொடங்கிவிடுகிறோம்.

எகிப்தை நினைத்த இருவகை

விவிலியம் இந்நிலையை நன்கு அறியும். பாலை நிலத்தில் இஸ்ரயேல் மக்கள் எகிப்தின் மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் பூண்டையும் எண்ணி அழுததை எண்ணிக்கை நூலின் 11-ஆம் அதிகாரம் கூறுகிறது. உணவு நினைவில் நின்றது. சுமந்த செங்கல்லும், நைல் நதியில் எறியப்பட்ட ஆண் குழந்தைகளும் நினைவினின்று நழுவிவிட்டன. கைக்கு வந்த மன்னாவோ சலித்துவிட்டது. முந்தைய நாள்களே மேலானவை எனப் பேசுவது ஞானமன்று எனச் சபை உரையாளரும் எச்சரிக்கிறார்.

ஆனால், அதே விவிலியம் எகிப்தை மறந்துவிடுமாறு சொல்லவில்லை. நினைவில் கொள்ளவே கட்டளையிடுகிறது. இணைச்சட்ட நூலின் 24-ஆம் அதிகாரத்தில், எகிப்தில் அடிமையாய் இருந்ததை மறவாதே என்று ஆண்டவர் கூறுகிறார். எதற்காக? அறுவடையில் மறந்து விடப்பட்ட கதிர்க்கட்டை அன்னியனுக்கும் அனாதைக்கும் கைம்பெண்ணுக்கும் விட்டுவைப்பதற்காக. நாடு ஒன்றுதான், நினைவுகளோ இரண்டு. ஒரு நினைவு தான் உண்டதை மட்டும் எண்ணி முணுமுணுக்கிறது. மற்றது பட்ட துன்பத்தை எண்ணிப் பிறருக்குக் கதவு திறக்கிறது. நினைவின் அறத்தை அளக்கும் கோல் இதுவே.

காருக்கு வெளியே நின்றவர்கள்

இக்கோலைக் கொண்டு பழைய காரை அளந்து பார்ப்போம். அந்தப் பொற்காலம் காருக்குள் இருந்தவர்களுக்குரியது. கார் எழுப்பிய புழுதியில் ஒதுங்கி நின்றவர் எத்தனையோ பேர். அதே காலத்தில் நம் சிற்றூர்கள் பலவற்றில், ஊர்த்தெருவைக் கடக்கையில் சைக்கிளைவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகும்படி தலித் மக்கள் கட்டாயப்படுத்தப்பட்டனர். ஏழைகளின் பார்வையில், சிவப்பு விளக்குச் சுழலும் வெள்ளை அம்பாசடர் அதிகாரத்தின் அடையாளமாயிருந்தது. 2017 மே மாதத்தில்தான் அவ்விளக்குகள் நாடெங்கும் அகற்றப்பட்டன. இரவெல்லாம் கண்விழித்துக் கார் ஓட்டிய ஓட்டுநர், குடும்பம் உண்டபின் தனியே அமர்ந்து உண்டார். நம் புகைப்படங்களில் அவர் முகம் அநேகமாக இல்லை. அந்நாளைய பெட்ரோலில் குழந்தைகளின் மூளையைத் தாக்கும் ஈயம் கலந்திருந்தது. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில்தான் அது நாடு முழுவதும் நீக்கப்பட்டது. நாம் நலமென்று எண்ணி இழுத்த காற்று அவ்வளவு நலமானதன்று.

தொலைக்காட்சியில் ஓடிய கார்களுக்கும் இது பொருந்தும். அமெரிக்காவில் 1979 முதல் 1985 வரை ஒளிபரப்பான ‘தி டியூக்ஸ் ஆஃப் ஹசார்டு’ தொடரில், செம்மஞ்சள் நிற டாட்ஜ் சார்ஜர் கார் ஒன்று ஓடைகளைத் தாண்டிப் பறக்கும். அந்நாட்டுச் சிறுவர்கள் அதன் பொம்மைக்காக அடம்பிடித்தனர். அதன் பெயர் ‘ஜெனரல் லீ’. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலங்களின் தளபதியுடைய பெயர் அது. அம்மாநிலங்களின் போர்க்கொடி அதன் கூரையில் தீட்டப்பட்டிருந்தது. 2015 ஜூன் 17-ஆம் நாள், சார்ல்ஸ்டன் நகரக் கோவில் ஒன்றில் விவிலியம் படித்துக்கொண்டிருந்த கறுப்பினக் கிறிஸ்தவர் ஒன்பது பேரை, அக்கொடியோடு படம் எடுத்துக்கொண்ட இளைஞன் ஒருவன் சுட்டுக் கொன்றான். அடுத்த சில வாரங்களில் அத்தொடரின் மறு ஒளிபரப்பை அலைவரிசை ஒன்று நிறுத்தியது.

‘நாங்கள் பார்த்தது கார் பறப்பதைத்தான், கொடியை அன்று’ எனப் பலர் வருந்தினர். அவர்கள் பொய் சொல்லவில்லை. குழந்தையின் மகிழ்ச்சி குற்றமற்றது. ஆயினும், அந்தக் கூரையைக் கண்டு உள்ளம் நடுங்கிய வேறொரு குழந்தையும் அதே நாட்டில் இருந்தது. அக்குழந்தையின் நினைவுக்கு இடம் தராத வரையில், நம் நினைவு முழு உண்மை ஆகாது. என் மகிழ்ச்சி மெய்யானது என்பதால், பிறர் பட்ட வலி பொய்யாகிவிடாது.

தூய்மையாக்கப்பட்ட நினைவு

புனித இரண்டாம் ஜான் பால் திருத்தந்தையாய் இருந்தபோது, 2000-ஆம் யூபிலி ஆண்டில் ‘நினைவைத் தூய்மைப்படுத்துதல்’ பற்றிப் பேசினார். அவ்வாண்டு மார்ச் 12-ஆம் நாள், திருச்சபையின் பிள்ளைகள் வரலாற்றில் செய்த தவறுகளுக்காகப் புனித பேதுரு பேராலயத்தில் மன்னிப்பு வேண்டினார். திருச்சபையே தன் பழமையை நேர்மையோடு நோக்க அஞ்சாதபோது, நாம் நம் குடும்பக் கதையை நோக்க அஞ்சுவதேன்? புனித சிலுவை அருளப்பர், நினைவைத் தூய்மையாக்கும் நற்பண்பு எதிர்நோக்கே என்று கற்பிக்கிறார். கடந்ததை இறுகப் பற்றிக்கொண்ட கையில் கடவுள் புதியதை வைக்க முடியாதன்றோ?

திருப்பலியில் நாம் செய்யும் நினைவுகூரலும் இத்தகையதே. மேலறைக்குத் திரும்பிச் செல்ல நாம் ஏங்குவதில்லை. அன்று தம்மைக் கையளித்தவர் இன்று நம்மிடையே வருகிறார். இனி வரும் நாளையும் நாம் காத்திருக்கிறோம். நற்கருணையின் நினைவு பந்தியை விரிவாக்குகிறது.

திருவள்ளுவர் ‘பழைமை’ என்னும் தலைப்பில் ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். அது பழம்பொருள்களைப் பற்றியதன்று. நெடுநாள் நட்பின் உரிமையைப் பற்றியது. நம் பழமைப் பற்றும் பொருள்களைக் கடந்து ஆள்களைச் சென்று சேரட்டும். 2014-இல் உத்தரபாரா ஆலை மூடப்பட்டபோது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் வேலையற்று நின்றனர். 2023 அக்டோபர் மாத இறுதியில் மும்பைத் தெருக்களிலிருந்து பத்மினி வாடகைக் கார்கள் விடைபெற்றன. கார்களுக்குப் பிரியாவிடை கட்டுரைகள் பல வந்தன. அவற்றைச் செய்தவர்களையும் ஓட்டியவர்களையும் எத்தனை பேர் நினைத்தோம்?

பெரியோரே, உங்கள் பழைய காரின் கதையைப் பேரப்பிள்ளைகளுக்குத் தவறாமல் சொல்லுங்கள். சொல்லும்போது ஓட்டுநரின் பெயரையும் சொல்லுங்கள். வழியோரம் நின்றவர்களையும் சொல்லுங்கள். அவர் இன்னும் உயிரோடு இருந்தால், ஒருநாள் அவர் இல்லம் தேடிச் செல்லுங்கள். இளையோரே, இன்றைய கார்கள் குளிர்ந்த காற்றோடும் மூடிய கண்ணாடியோடும் ஓடுகின்றன. ஞாயிறு காலையில் அவற்றுள் பல, பாதி இருக்கைகள் வெறுமையாகவே ஆலயத்துக்கு வருகின்றன. அதே சாலையில் முதிய தாய் ஒருவர் வெயிலில் நடந்து வந்துகொண்டிருப்பார். வண்டியை நிறுத்தி அவரை ஏற்றிக்கொள்ளுங்கள். அம்பாசடரில் நாம் நெஞ்சார நேசித்தது, இன்னும் ஒருவருக்கு இடம் தந்த அந்த நெருக்கத்தைத்தானே?