காவலும் நிலமும்

மேலூர், வாடிப்பட்டிப் பக்கங்களில் பெரியாற்று நீர் பாயும் வயல்களில் அறுவடை நடக்கும் நாள்களில், ஒரு கண்ணைத் துண்டால் பொத்திக்கொண்டு மதுரைக்குப் பேருந்து ஏறுகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். நெற்சுணை பட்டிருக்கும்; கரும்புத் தோகை கீறியிருக்கும்; அல்லது மாடு வாலை வீசியிருக்கும். அன்றைக்கு அதை எவரும் பெரிதாக எண்ணுவதில்லை. தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ ஒரு சொட்டு விட்டுக்கொண்டு மறுநாளும் வேலைக்குப் போய்விடுவர். சில நாள்களில் கருவிழியில் வெண்புள்ளி தோன்றும். 1993ஆம் ஆண்டில் மதுரை மாவட்டத்தில் லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் உண்டானதாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. அமெரிக்காவில் ஒரு பகுதியில் எடுக்கப்பட்ட கணக்கைப்போல் இது ஏறத்தாழப் பத்து மடங்கு.

இந்தப் புண்ணில் கண்ணைக் கெடுப்பது யார்? கிருமி என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் செய்தி அவ்வளவு எளிதன்று.

கருவிழி ஒளி நுழையும் சாளரம். அதில் இரத்தக் குழாய்கள் இல்லை. கொலாஜன் என்னும் நுண்ணிழைகள், தறியில் பாவு நூல் இழுத்துக் கட்டியதுபோல, சீரான இடைவெளியில் அடுக்கப்பட்டிருப்பதால்தான் அது தெளிந்திருக்கிறது. கிருமி புகுந்ததும் வெள்ளணுக்கள் விளிம்பிலிருந்து திரண்டு வருகின்றன. அவை வெளியிடும் நொதிகள் கிருமியோடு நிற்பதில்லை. அந்த இழைகளையும் சேர்த்தே அரிக்கின்றன. புண் ஆறும்போது இழைகள் பழைய ஒழுங்கில் அமைவதில்லை. தழும்பாகித் திரைபோட்டு விடுகின்றன. கிருமி செத்துவிட்டது, கண்ணும் இருண்டுவிட்டது. வீட்டைக் காக்க வந்தவர்களே வீட்டின் சுவரையும் இடித்துவிட்டார்கள் என்றால், அவர்களைக் காவலர் என்பதா, பகைவர் என்பதா?

இக்கேள்வியைத் தம் விரல்களிலேயே சுமந்து வாழ்ந்த ஒருவரை மதுரை அறியும். மருத்துவர் கோ. வெங்கடசாமி இளம் வயதில் மகப்பேறு மருத்துவராக விரும்பியவர். முப்பது வயதை ஒட்டி முடக்குவாதம் அவர் மூட்டுகளைப் பற்றியது. விரல்கள் கோணிப் போயின. முடக்குவாதம் வெளியிலிருந்து வந்த பகை செய்வதன்று. உடலின் காவலணுக்கள் உடலின் மூட்டுகளையே தாக்குவதால் வருவது. அந்தக் கோணிய விரல்களுக்குக் கத்தி பிடிக்கப் பழக்கி, கண் மருத்துவத்துக்கு மாறி, லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளை அவர் செய்தார். பணி ஓய்வுக்குப் பின் 1976இல் 11 படுக்கைகளோடு அவர் தொடங்கியதே அரவிந்த் கண் மருத்துவமனை. 2006இல் அவர் மறைந்தார்.

காவலணு ஏன் கடுமை கொள்கிறது? அறிவியலார் நெடுங்காலம் இதற்கு விடையை வேதிப் பொருள்களிலேயே தேடினர். இன்ன பொருள் சுரந்தது, இன்ன அணு வெகுண்டது என்பதாக அவர்கள் விளக்கம் அமைந்தது. அண்மைக் காலத்தில், முனைவர் பட்டம் பெற்ற பின்னும் ஆய்வுக்கூடங்களிலேயே ஆண்டுகளைக் கழிக்கும் இளைஞர் பலர் வேறொன்றைக் கேட்கத் தொடங்கியிருக்கின்றனர். அணு நிற்கும் தரை எப்படிப்பட்டது? மெத்தென்றிருக்கிறதா, இறுகிக் கிடக்கிறதா, இழுபடுகிறதா, அழுந்துகிறதா?

தரைக்கு இவ்வளவு வலிமை உண்டு என்பது 2006இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வால் தெளிவாயிற்று. எலும்பு மச்சையிலிருந்து எடுத்த ஒரே வகை மூல அணுக்களை மூளைபோல் மெல்லிய களத்தில் வைத்தால் அவை நரம்பணுவின் சாயல் கொண்டன. தசைபோல் இறுகிய களத்தில் தசையணுவின் சாயல். அதனினும் கெட்டியான களத்தில் எலும்பணுவின் சாயல். அணு எதைக்கொண்டு அழுத்தத்தை அறிகிறது என்பதும் 2010இல் புலனாயிற்று. அணுவின் தோலில் அழுத்தம் பட்டால் திறந்துகொள்ளும் நுண்வாயில்களை ஆர்டெம் பட்டாபூட்டியன் குழுவினர் கண்டு பியெசோ எனப் பெயரிட்டனர். 2021இல் நோபல் பரிசு பெற்ற இருவருள் அவர் ஒருவர். உள்நாட்டுப் போர் மூண்ட பெய்ரூத் நகரை விட்டு 1986இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர் அவர். நிலம் மனிதனை என்ன செய்யும் என்பதை அவருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

கிருமிகளை விழுங்கும் பேரணுக்களை வைத்துச் செய்த பல ஆய்வுகளில், கெட்டிக் களத்தில் நின்றவை மென்களத்தில் நின்றவற்றினும் மிகுதியாக அழற்சியைத் தூண்டின. பியெசோ வாயிலை நீக்கிய அணுக்களில் அச்சீற்றம் தணிந்தது. 2018இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு நம் மருத்துவரின் விரல்களையே நினைவூட்டுகிறது. மூட்டழற்சி உண்டாக்கப்பட்ட எலிகளின் பின்னங்கால்களில் பாரம் விழாதபடி பார்த்துக்கொண்டபோது, அக்கால்களில் அழற்சி குறைந்தது. உழைத்துத் தேய்ந்த மூட்டையே காவலர் முதலில் தாக்குகிறார்கள் போலும்! அழற்சியால் திசு இறுகுகிறது, இறுகிய திசு காவலரை மேலும் சினமூட்டுகிறது. முதல் அடி யாருடையது என்று பிறகு பிரித்தறிவது கடினம்.

இங்கே நம் பழம்புலவர் இருவர் எதிரெதிரே நின்று பேசுவதுபோல் தோன்றுகிறது. நிலத்தின் இயல்பால் நீர் திரிவதுபோல மாந்தர் அறிவும் சேர்ந்த இனத்தால் திரியும் என்பது வள்ளுவர் கருத்து. புறநானூற்றின் 187ஆம் பாட்டில் ஔவையாரோ, காடானாலும் நாடானாலும், ஆடவர் எங்கே நல்லவரோ அங்கே நிலமே, நீயும் நல்லை என்கிறார். ஒருவர் குற்றத்தை நிலத்தின்மேல் வைக்கிறார், மற்றவர் மனிதன்மேல். அணுவைப் பொறுத்தவரை வள்ளுவர் பக்கம் வழக்கு வெல்கிறது எனலாம். அணுவுக்கு நிய்யத் இல்லை. எண்ணம் இல்லாத செயலுக்கு நன்மை தீமைக் கணக்கும் இல்லை.

மனிதனிடம் வரும்போதுதான் சிக்கல். சிடுசிடுக்கும் தந்தையை, தொழிலாளியை அடிமைபோல் நடத்தும் முதலாளியை, 'அவர் வளர்ந்த சூழல் அப்படி' என்று நாம் எளிதாக விடுவித்துவிடுகிறோம். இறுகிய தரை கடுமைக்குக் காரணம் சொல்லலாம். ஆனால் தன் கடுமை எங்கிருந்து வந்தது என்று திரும்பிப் பார்க்கக்கூடியவனுக்கு அது விடுதலைச் சீட்டு ஆகாது. நாம் மறந்துவிடும் ஒன்று இன்னும் இருக்கிறது. நாம் நிலத்தின்மேல் நிற்பவர் மட்டுமல்லர், பிறருக்கு நிலமாகவும் இருப்பவர். மகனுக்குத் தந்தை நிலம். மருமகளுக்கு மாமியார் நிலம். கூலியாளுக்குக் கூலி கொடுப்பவன் நிலம். பிறர் கடுமையை எடை போடுமுன் அவர் காலடியில் நாம் எவ்வளவு இறுகியிருக்கிறோம் என்று தொட்டுப் பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்?

காவலரை அடக்கிவிட்டால் என்ன என்ற யோசனையும் மருத்துவத்தில் உண்டு. ஸ்டீராய்டு மருந்து வெள்ளணுக்களின் சீற்றத்தைத் தணிக்கும். பாக்டீரியாவால் வந்த கருவிழிப் புண்ணுக்கு அதைச் சேர்த்துக் கொடுக்கலாமா என்பதில் மருத்துவர் இரு கட்சியாக இருந்தனர். 2006 முதல் 2010 வரை 500 நோயாளிகளிடம் சோதனை நடந்தது; மிகப் பெரும்பாலோர் அரவிந்த் மருத்துவமனைகளுக்கு வந்தவர்கள். எல்லாருக்கும் கிருமிக்கொல்லி தரப்பட்டது. அதன்பின் சீட்டுக் குலுக்கியதுபோல் ஒரு பாதியினருக்கு ஸ்டீராய்டுத் துளி, மறு பாதியினருக்கு வெறுந்துளி. ஏழை உழவனின் கண்ணில் சீட்டுக் குலுக்கலாமா என்று நெஞ்சு துணுக்குறுவது இயல்பே. எனினும், தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டி ஆளுக்கொரு விதமாய் மருந்து ஊற்றுவதைவிட, தெரியாது என்று ஒப்புக்கொண்டு, அவன் சம்மதம் கேட்டுச் செய்யும் சோதனை நேர்மையானது என்றே நாம் கருதுகிறோம். மூன்று மாதத்தில் இரு பாதியினரின் பார்வையிலும் மொத்தத்தில் வேறுபாடு காணப்படவில்லை. மிகக் கொடிய புண்ணோடு வந்தவர்களுக்கு அது உதவியதுபோல் தெரிந்தது. நோகார்டியா என்னும் கிருமி பற்றியவர்களுக்கோ தழும்பு பெரிதாயிற்று. பூஞ்சையால் வரும் புண்ணில் அம்மருந்து கேடே செய்யும் என்பதால் அவர்களைச் சோதனையில் சேர்க்கவே இல்லை. நம் வயல்களில் அந்தப் பூஞ்சைப் புண்தான் மலிந்து கிடக்கிறது.

கீறலோடு விட்டுவிடாமல் அன்றே களிம்பு போட்டால் புண்ணே வராது என்று, மதுரைக் கண் மருத்துவர்கள் கிராமத் தொண்டர்களைக்கொண்டு நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு நம்பிக்கை தந்தது. பின்னர் நேபாளத்தில் பெரிய அளவில் செய்து பார்த்தபோது, ஊர் முழுமைக்கும் புண் குறைந்ததாகத் தெரியவில்லை. களிம்பு இருந்தும், கீறல் பட்டவர் அதைத் தேடி வர வேண்டுமே! அறுவடை நாளில் ஒரு பொழுது வேலையை விட்டால் அன்றைய கூலி போயிற்று. கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள் என்கிறோம். வெயிலில் வியர்த்து மங்கும் கண்ணாடியோடு எத்தனை கட்டு அறுக்க முடியும் என்று வயலில் குனிந்து நிற்கும் பெண்ணிடம் நாம் கேட்டதில்லை. மாலையில் அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு கரையேறும்போது, கூலியைப் பிடிக்காமல் அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் வயல்காரர் யார் என்பதையும்தான்.