வளர்கிற பிள்ளைக்குத் தைத்த சட்டை

பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தில் எந்தத் தையற்கடை வாசலில் நின்றாலும் ஒரு பேச்சுக் காதில் விழும். "வளர்கிற பிள்ளை, கொஞ்சம் பெரிதாகவே வெட்டுங்கள்" என்பதுதான் அது. தையற்காரரும் கையையும் நீளத்தையும் இரண்டு விரற்கடை கூட்டி, உள்ளே மடித்துத் தைத்துக் கொடுப்பார். இதில் யாரும் தவறு காண்பதில்லை. பிள்ளை வளரத்தான் போகிறான். ஆனால் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் அதே கடைக்குப் போய், "நான் இளைக்கப் போகிறேன், இடுப்பில் இரண்டு அங்குலம் குறைத்துத் தையுங்கள்" என்றால் தையற்காரர் என்ன செய்வது? இருக்கிற இடுப்புக்குத் தைப்பதா, வரப்போகிற இடுப்புக்குத் தைப்பதா?

நம் ஊரில் இந்தக் கேள்வி சிரிப்போடு போய்விடும். அமெரிக்காவிலும் ஸ்காட்லாந்திலும் கோல்ஃப் மட்டை விற்கிற இடங்களில் இது ஒரு பெரிய கேள்வியாக இருக்கிறது. அதில் பணமும் புழங்குகிறது, மானமும் புழங்குகிறது. நான் கோல்ஃப் ஆடுகிறவன் அல்லன். ஆனாலும் மனிதன் தன்னைத் தானே அளந்துகொள்ள நேரும் இடம் எதுவானாலும் கதை எழுதுகிறவனுக்கு அங்கே வேலை இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

அந்த ஆட்டத்தில் 'அயர்ன்' என்று ஒரு வகை மட்டை உண்டு. துணி தேய்க்கும் பெட்டி நினைவுக்கு வந்தால் வாசகர்கள் மன்னிக்க வேண்டும். நீண்ட தண்டின் நுனியில் சாய்வான முகத்தோடு ஓர் உலோகத் தலை, இதுதான் அயர்ன். 4, 5, 6 என்று எண் ஏற ஏற முகம் அதிகமாகச் சாயும், தண்டு குறையும், பந்து உயரமாக எழும்பிக் கிட்டத்தில் விழும். விதிப்படி ஒருவர் மொத்தம் 14 மட்டைகள் வரை எடுத்துப் போகலாம். அவற்றில் ஏறக்குறைய பாதி இந்த அயர்ன் வகை. இவற்றை ஒரு செட்டாக வாங்குவார்கள். வாங்குமுன் உயரத்தை அளந்து, மணிக்கட்டிலிருந்து தரைக்கு எவ்வளவு என்று பார்த்து, பந்தை அடிக்கச் சொல்லிப் பார்த்து, அதற்கேற்றபடி வளைத்தும் நறுக்கியும் கொடுப்பது வழக்கமாகிவிட்டது.

இந்த வழக்கத்தைப் பரப்பியவர்களில் கார்ஸ்டன் சோல்ஹைம் என்பவர் முக்கியமானவர். 1911-ல் நார்வேயில் பிறந்து, சிறு குழந்தையாக அமெரிக்காவின் சியாட்டில் நகருக்கு வந்தவர். தகப்பனார் செருப்புத் தைக்கும் தொழிலாளி. பிள்ளையும் அந்தக் கடையில் வேலை செய்தார். பிறகு இன்ஜினீயராகி, 42-வது வயதில்தான் கோல்ஃப் ஆட ஆரம்பித்தார். கடையில் கிடைத்த மட்டை பிடிக்காமல் 1959-ல் தம் வீட்டு ஷெட்டில் தாமே ஒன்று செய்தார். பந்தில் பட்டால் 'பிங்' என்று சத்தம் வந்தது. அதுவே பின்னால் பெரிய கம்பெனியின் பெயராயிற்று. 1970-களில் அந்தக் கம்பெனி அயர்ன்களின் தலையில் வர்ணப் பொட்டு வைத்து விற்றது. கறுப்புப் பொட்டு என்றால் பொது அளவு. நீலம் என்றால் தண்டு சற்று நிமிர்ந்து நிற்கும். சிவப்பு என்றால் சற்றுத் தாழ்ந்து நிற்கும். ஆளைப் பார்த்துப் பொட்டு. கோல்ஃப் மட்டையின் பாகங்களுக்கு ஆங்கிலத்தில் குதிகால், கால் நுனி, உள்ளங்கால் என்றுதான் பெயர். எல்லாம் செருப்புக் கடைச் சொற்கள். கால் ஒரு அளவு, செருப்பு ஒரு அளவு என்றால் யார் வருந்துவார்கள் என்று அந்தக் கடைப் பிள்ளைக்குச் சின்ன வயதிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

தண்டு தரையோடு சேருகிற கோணத்தை ஆட்டக்காரர்கள் 'லை' என்கிறார்கள். ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குப் பொய் என்றும் அர்த்தம் உண்டு. இங்கே அந்த அர்த்தம் இல்லை. இருந்தாலும் எனக்கு அது நினைவுக்கு வராமல் போவதில்லை. வலக்கைக்காரர் ஒருவருக்கு மட்டை வேண்டியதைவிட நிமிர்ந்திருந்தால், அதன் குதிகால் முதலில் தரையில் தட்டும். பந்து இடப்பக்கம் போகும். தாழ்ந்திருந்தால் நுனி தட்டும்; பந்து வலப்பக்கம் போகும். இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. மட்டையின் அடியில் நாடா ஒட்டி, ஒரு பலகையின் மேல் வைத்த பந்தை அடிக்கச் சொல்வார்கள். நாடாவில் தேய்ந்த தடம் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் போதும். சும்மா நிற்கும்போது எடுத்த அளவு இதற்கு உதவாது. வீசுகிற வேகத்தில் கை உயரும், தண்டு வளையும். வீசும்போது ஆள் வேறு அளவாகிவிடுகிறார்.

இது வரை விவகாரம் ஒன்றுமில்லை. இனித்தான் சிக்கல்.

ஒருவர் பந்தை அடிக்கும் தருணத்தில் கைகளை அளவுக்கு மேல் உயர்த்திவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது பழக்கத்தால் வந்த தோஷம். நாடாவில் தடம் நுனிப்பக்கம் விழுகிறது. மட்டைக்காரர் இரண்டு டிகிரி நிமிர்த்திக் கொடுக்கிறார். பந்து நேராகப் போகிறது. ஆட்டக்காரருக்குப் பரம சந்தோஷம். ஆறு மாதம் கழித்து நல்ல வாத்தியார் ஒருவரிடம் போய்க் கையைத் தாழ்த்தக் கற்றுக்கொள்கிறார். உடனே அந்த மட்டை அவரைத் தண்டிக்க ஆரம்பிக்கிறது. குதிகால் தட்டுகிறது, பந்து இடப்பக்கம் ஓடுகிறது. முன்பு தப்பாக அடித்தபோது நேராகப் போன பந்து, இப்போது சரியாக அடித்தால் கோணிப்போகிறது. திருந்தினவனைத் தண்டிக்கிற கருவி அது. தோஷத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை, தோஷத்தோடு இருக்கும் வரைதான் உடம்பில் நிற்கும். மனிதர்களிடையேயும் இப்படிப்பட்ட ஏற்பாடுகள் உண்டு. முன்கோபி ஒருவருக்காக ஒரு வீடு முழுவதும் தன்னை வளைத்து வைத்துக்கொண்டிருக்கும். அவர் ஒரு நாள் சாந்தமாகிவிட்டால் அந்த வீட்டில் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாது.

ஆகவே, மட்டைக்கு மனிதன் இணங்கட்டும் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்குச் சாட்சிகளும் இருக்கிறார்கள். ஸ்பெயின் தேசத்து செவே பாலெஸ்டெரோஸ் சிறு பையனாக இருந்தபோது ஒரே ஒரு மூன்றாம் எண் அயர்னை வைத்துக்கொண்டு கடற்கரை மணலில் அடித்துப் பழகினார். அந்த ஒன்றைக் கொண்டே பந்தை உயர்த்தவும் தாழ்த்தவும் கற்றுக்கொண்டார். பின்னால் 1979, 1984, 1988 ஆகிய வருஷங்களில் பிரிட்டிஷ் ஓபன் பந்தயத்தை வென்றார். அந்தப் பையனுக்கு யாராவது அளவெடுத்துக் கொடுத்திருந்தால் அவர் இவ்வளவு கற்றிருப்பாரா?

நியூஸிலாந்துக்காரர் பாப் சார்ல்ஸின் கதை இன்னும் விசித்திரமானது. 1963-ல் பிரிட்டிஷ் ஓபனில் வென்றார். உலகத்தின் பெரிய பந்தயம் ஒன்றில் வென்ற முதல் இடக்கை ஆட்டக்காரர் என்ற பெயர் அவருடையது. ஆனால் அவர் பிறவியில் இடக்கைக்காரர் அல்லர். தாயும் தந்தையும் இடக்கையால் கோல்ஃப் ஆடினார்கள். வீட்டில் இருந்தவை அவர்களுடைய மட்டைகள். பிள்ளை அவற்றை எடுத்து ஆடினார். அவ்வளவுதான். மட்டைக்காக மனிதன் பக்கத்தையே மாற்றிக்கொண்டதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எங்கே தேடுவது?

ஆனாலும் இந்தச் சாட்சியத்தைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் ஏற்க வேண்டியிருக்கிறது. ஒற்றை மட்டையோடு பழகி மேதையான பையனின் பெயர் நமக்குத் தெரிகிறது. பொருந்தாத மட்டையோடு மல்லுக்கட்டி, முதுகைக் கோணலாக்கிக்கொண்டு, 'எனக்கு இது வராது' என்று விட்டுப்போனவர்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. போதாக்குறைக்கு, பல தோஷங்கள் மட்டையிலிருந்தே பிறக்கின்றன. தாழ்ந்த மட்டையோடு பழக ஆரம்பிக்கிறவன், பந்து வலப்பக்கம் போகாமலிருக்கத் தன்னையறியாமல் மணிக்கட்டைத் திருப்பிக்கொள்கிறான். பத்து வருஷம் கழித்து வாத்தியார் அதை அவனுடைய குணதோஷம் என்கிறார்.

உழைப்பின் அவதாரம் என்று ஆட்டக்காரர்கள் கும்பிடுகிற பென் ஹோகனையே பாருங்கள். நாள் கணக்காகப் பயிற்சி செய்தவர். 1949-ல் மோட்டார் விபத்தில் உடம்பு நொறுங்கி, அடுத்த வருஷமே அமெரிக்க ஓபன் வென்றவர். அவருக்கு ஆரம்ப காலத்தில் பந்து இடப்பக்கம் சுருண்டுகொண்டு போகும் தொல்லை இருந்தது. அவருடைய மட்டைகளைக் கையிலெடுத்துப் பார்த்தவர்கள் சொல்வது என்னவென்றால், தண்டு கெட்டியாக, கோணம் தாழ்ந்ததாக, பிடியில் கை தவறான இடத்துக்குப் போகாதபடி ஒரு முகடு வைத்ததாக அவை இருந்தன என்பதுதான். அதாவது பழைய தோஷம் திரும்பி வராதபடி கருவியிலேயே காவல் வைத்திருந்தார். தோஷத்துக்கு இடங்கொடுக்கும்படி அல்ல, தோஷத்தை எதிர்க்கும்படி அளவெடுத்த மட்டை. அளவெடுப்பதில் இப்படியும் ஒரு வகை உண்டு என்பது எனக்குப் புதிய செய்தியாக இருந்தது.

என் தீர்ப்பைக் கேட்டால், உடம்புக்குத் தயங்காமல் வளைந்து கொடுக்கலாம் என்பேன். கை நீளமும் உயரமும் ஒருவன் செய்த பாவம் அல்ல. உயரமானவன் என்றால் நீண்ட மட்டை என்பதுகூடச் சரியில்லை. ஆறடி ஆளுக்குக் கை நீண்டிருந்தால் குட்டையானவனுடைய மட்டையே போதும். பழக்கத்துக்கு வளைந்து கொடுப்பதில்தான் யோசனை வேண்டும். அங்கே கேட்க வேண்டிய கேள்வி, "இனி வாரம் எத்தனை நாள் பயிற்சி செய்யப் போகிறீர்கள்?" என்பது அல்ல. "போன வருஷம் எத்தனை நாள் செய்தீர்கள்?" என்பது. முதல் கேள்விக்கு எல்லோரும் வளர்கிற பிள்ளைகள். இரண்டாவது கேள்வியில்தான் வயது தெரியும். நல்ல வேளையாக, அடித்துச் செய்த இரும்பு மென்மையானது. இன்று நிமிர்த்ததை இடுக்கியில் பிடித்து இன்னொரு நாள் தாழ்த்திக்கொள்ளலாம்.

இப்போது டென்மார்க்கிலிருந்து வந்த ராடார் கருவிகள் இருக்கின்றன. பந்து எவ்வளவு வேகம், என்ன உயரம், எத்தனை சுழற்சி என்று ஒவ்வோர் அடிக்கும் எண் போட்டுக் காட்டிவிடுகின்றன. அங்கே ஒரு வேடிக்கை நடக்கிறது. ஒருவர் இருபது பந்து அடிப்பார். அதில் ஒன்று அபாரமாகப் பறக்கும். "என் அடி இதுதான்; மற்றதெல்லாம் இன்று உடம்பு சரியில்லாததால்" என்பார். விஷயம் தெரிந்த மட்டைக்காரர் அந்த ஒன்றை ஓரமாக வைத்துவிட்டு, மற்றப் பத்தொன்பதும் எங்கே கூட்டமாக விழுந்திருக்கின்றன என்று பார்ப்பார். முதல் ஐந்தாறு அடிகளை அவர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அவை போட்டோ ஸ்டூடியோவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது போன்றவை. களைத்துப்போய், பார்க்கிறவர்களை மறந்த பிறகு அடிக்கிற அடிதான் அவருக்கு வேண்டும். நாமும் நம்முடைய மிகச் சிறந்த நாளைத்தான் நாம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். அடுத்தவரை மட்டும் சராசரியாலேயே அளக்கிறோம்.

கம்பெனிகளுக்கு இது நன்றாகத் தெரியும். 1970-களில் ஏழாம் எண் அயர்னின் முகச் சாய்வு சுமார் 36 டிகிரி. இன்று சாதாரண ஆட்டக்காரர்களுக்கென்று விற்கும் பல செட்களில் அது 30-க்கும் கீழே. அன்றைய ஐந்தாம் எண்ணின் சாய்வு கிட்டத்தட்ட இதுதான். ஏழு என்று பொறித்ததைக் கொண்டு அடித்தால் பந்து தூரமாகப் போகிறது. வயதாகியும் பலம் கூடியிருக்கிறதே என்று மனிதர் பூரிக்கிறார். தலையின் பாரத்தைக் கீழே இறக்கியிருப்பதால் பந்து எப்படியும் உயர எழும்புகிறது, அதற்காகச் சாய்வைக் குறைத்தோம் என்று கம்பெனிகள் சமாதானம் சொல்கின்றன. அது உண்மையும்கூட. ஆனால் எண்ணை மாற்றியிருக்கலாமே? அதை மட்டும் யாரும் செய்யவில்லை. பொருத்தத்துக்காகச் செய்த காரியத்தை நான் குறை சொல்லவில்லை. பொறித்த எண்ணைத்தான் சொல்கிறேன்.

தண்டுகளிலும் எழுத்து உண்டு. கெட்டியான தண்டுக்கு எஸ், நடுத்தரத்துக்கு ஆர். வேகம் குறைந்தவர்களுக்கு இன்னும் வளைகிற தண்டு வேண்டும். அதற்கு 'முதியவர்' என்று பெயர். அந்தப் பெயரைப் பார்த்ததும் எழுபது வயதுக்காரர்கள்கூட, "எனக்கு ஆர் போதும்" என்று சொல்லிவிடுகிறார்களாம். அதனால் அதில் ஏ என்று போட்டு விற்பதும் உண்டு. இன்னொரு பழக்கமும் பட்டறைகளில் இருக்கிறது. தண்டைத் தலையில் ஒட்டும்போது, எழுத்து இருக்கிற பக்கம் கீழே போகும்படி திருப்பி ஒட்டுவார்கள். மட்டையைப் பிடித்துக் குனிந்து பார்க்கிறவர் கண்ணில் வெறும் தண்டுதான் தெரியும். எழுத்து தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். பந்து போகிற தூரத்தில் இதனால் ஓர் அங்குலம்கூட வித்தியாசம் இல்லை. இதைச் செய்து கொடுக்கிற பட்டறைக்காரரை மட்டும் எனக்குக் கோபித்துக்கொள்ள மனம் வரவில்லை.